ஜெசிந்தாவின் உதடு

வலது ஓரம் தாங்குகிறது. இதுவரைக்கும் தாங்குகிறது. மேடையில் நிற்கிற ஜெசிந்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள் அரசி. வாய் என்றால் முழு வாய்கூட இல்லை, கிளாரினெட்டின் கறுப்பு முனையைக் கவ்வியிருக்கும் உதட்டின் வலது ஓரம், அதிலும் ஒரு கடுகளவு இடம். காற்று கசிந்தால் அங்கேதான் கசியும். முதலில் ஈரம் மினுங்கும், அப்புறம் ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் சுரம் கையை விட்டுப் போய்விடும். இத்தனை மாத ஒத்திகையில் அவள் மனப்பாடம் செய்தது தான் எழுதிய இசையை அல்ல, ஜெசிந்தாவின் உதட்டை. கூடத்தின் நடுவில், கேட்க வந்தவர்களுக்கு மத்தியிலேயே ஒரு மேசையைப் போட்டு அரசியை உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் மடிக்கணினி, பக்கத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பலகை, அதிலிருந்து கிளம்பிய வயர்கள் தரையோடு ஊர்ந்து சுவரோரம் சுற்றி நின்ற ஆறு ஸ்பீக்கர்களுக்கும் போயின. நுங்கம்பாக்கத்தில் இப்படியொரு சின்னக் கூடம் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. வந்தவர்களில் பாதிப் பேர் வெளியே அடிக்கிற வெயிலுக்கு ஏ.சி. கிடைக்கும் என்று வந்தவர்களாகவும் இருக்கலாம், யார் கண்டது. 'நீர்மட்டம், கிளாரினெட்டுக்கும் கணினிக்கும், இயற்றியவர் மங்கையர்க்கரசி' என்று நோட்டீசில் முழுப்பெயரும் போட்டிருந்தது. விருதுநகரில் இருக்கும் அம்மா அதைப் பார்த்தால் பூரித்துப்போவாள், கேட்டால்தான் சிக்கல். முன் வரிசையில் இருந்த சந்தன நிறச் சட்டைக்காரர் முதல் பகுதி முழுக்க நெளிந்துகொண்டே இருந்துவிட்டு, பக்கத்திலிருந்த பெண்ணிடம், "இன்னும் சுருதி சேத்துக்கிட்டிருக்காங்களா, இல்ல கச்சேரியே இதுதானா?" என்று கேட்டது அரசியின் காதில் தெளிவாக விழுந்தது. இதுதான் ஐயா கச்சேரி. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் பிடிக்கக்கூடும்.

மொத்தம் பத்துப் பகுதிகள். முதல் பகுதியில் சுரமே கிடையாது, வெறும் மூச்சு. ஜெசிந்தா குழலுக்குள் காற்றை மட்டும் விடுவாள். மைக் அதைப் பிடித்துக் கணினிக்குக் கொடுக்கும். கணினி அதை வாங்கி நீட்டி, மடித்து, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு எறியும். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் யார் மூச்சு விடுகிறார்கள் என்றே தெரியாமல் போய்விடும். மூச்சில்தான் எல்லாம் தொடங்கியது. அரசி அப்போது கோடம்பாக்கத்தில் ஒரு சினிமா ஒலிக்கூடத்தில் வேலை பார்த்தாள். நடிகர்கள் பேசிய வசனத்தில் இடையிடையே கேட்கும் மூச்சையும் எச்சில் விழுங்குவதையும் வெட்டி எறிவது அவள் வேலை. ஆள் பேச வேண்டும், ஆனால் உயிரோடு இருப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, அப்படி ஒரு தொழில். அங்கே ஒரு நாள் பின்னணி இசைக்குக் கிளாரினெட் வாசிக்க வந்தவள் ஜெசிந்தா பர்னாந்து. தூத்துக்குடிக்காரி, கான்வென்ட் பள்ளி பேண்டில் புல்லாங்குழல் தீர்ந்துபோய்விட்டதால் கிளாரினெட் கிடைத்தவள். அதைச் சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். அன்றைக்கு அவள் வாசித்தது ஒரு சாவு வீட்டுக் காட்சிக்கு. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் இழுத்த மூச்சு மைக்கில் அப்படியே விழுந்திருந்தது. "அந்த மூச்சை எடுத்துருங்க மேடம், டிஸ்டர்ப் ஆகுது" என்று டைரக்டர் சொன்னார். எடுத்தாள். எடுத்ததை எறிய மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் இயர்போனில் போட்டுக் கேட்டாள், வெறும் மூச்சை, ஒன்றன்பின் ஒன்றாக. இவ்வளவு தைரியமாக யாராவது மூச்சு இழுப்பார்களா என்று இருந்தது. பயந்த மூச்சு மேல்நெஞ்சில் நிற்கும், அவளுக்குத் தெரியாதா, ஆயிரம் நடிகர்களின் மூச்சை வெட்டியவள். இது அடிவயிறு வரைக்கும் போய், அங்கே சாவகாசமாக உட்கார்ந்துவிட்டு வருகிற மூச்சு. மறுநாள் நம்பர் வாங்கிப் பேசினாள். "நான் உங்களுக்கு ஒண்ணு எழுதலாம்னு இருக்கேன்" என்றதற்கு, "எழுதுங்க, ஆனா சினிமா மாதிரி நடுவுல வெட்டிராதீய" என்றாள் அந்தப்பக்கம். அப்புறம் 'நீங்க' போய் 'நீ' வந்தது, அதுவும் போய் 'ஏட்டி' வந்தது.

இரண்டாம் பகுதி போய்விட்டது. ஊதாமல் குழலின் சாவிகளை மட்டும் தட்டுகிற பகுதி அது, உதட்டுக்கு வேலை இல்லை, அரசிக்கு அந்த நேரம் மட்டும் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் தாழ்ந்த சுரங்கள், அவற்றில் பயமில்லை. கிளாரினெட்டின் அடிக்குரல் இருக்கிறதே, அதற்கு ஈடாக எதையும் அரசி கேட்டதில்லை; காலையில் எழுந்து முதல் சொல் பேசுகிறவனுடைய தொண்டை மாதிரி, கரகரப்பும் வெதுவெதுப்பும் சேர்ந்து இருக்கும். இதோ இப்போது ஆறு. மேலே ஏறுகிறாள். ஏறாதே என்று சொல்லவேண்டும் போல இருக்கிறது, எழுதியவளே நான்தான், ஏறச் சொன்னவளே நான்தான், இப்போது ஏறாதே என்கிறேன். போன வருஷம் ஒரு காலையில் ஜெசிந்தா பல் விளக்கிவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் தானாக வலது பக்கம் வழிந்திருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் சிரிக்கிறது, பாதி முகம் சும்மா இருக்கிறது. முகவாதம் என்றார்கள். தானாகச் சரியாகிவிடும், பொறுமை வேண்டும் என்றார்கள். அரசி பார்க்கப் போனபோது வலது கண்ணை மூட முடியாமல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீயை ஸ்ட்ரா போட்டுக் குடித்தாள். "என்னட்டி அப்பிடிப் பாக்க? முதல்லயும் நான் ஒண்ணும் பெரிய அழகி கெடையாது" என்று அவள் சொன்னது பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது, ப, ம எல்லாம் உதட்டில் நிற்காமல் நழுவின. அரசி சிரித்தாள். பாத்ரூமுக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்து மறுபடி சிரித்தாள். உதடுதானே எல்லாம். விரல் போனால்கூட வேறு விரல் வைத்து ஒப்பேற்றலாம், கிளாரினெட்காரிக்கு உதடு போனால் என்ன மிச்சம். மாதக் கணக்கில் ஜெசிந்தா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஊ, ஈ, ஊ, ஈ என்று குழந்தைக்குப் பூச்சாண்டி காட்டுவதுபோல முகத்தை இழுத்து இழுத்துப் பழகினாள். அந்தக் கண் மூடியது, அந்தக் கன்னம் எழுந்தது. வலது ஓரம் மட்டும் முழுதாக வரவில்லை. களைத்தால் விட்டுவிடும். இன்றைக்குத்தான், அத்தனைக்கும் பிறகு, முதல்முறையாக ஆட்கள் முன்னால் நிற்கிறாள்.

எட்டாம் பகுதியை அரசி எழுதியது அதற்காகத்தான். முதலில் எழுதியபோது அது இல்லை. ஏழாம் பகுதியில் உச்சியில் ஒரு நீளமான சுரம், அது தீருமுன்பே ஒன்பதின் மெல்லிய சுரங்கள், இடையில் மூச்சுவிட நேரமில்லை. அந்த நெருக்கடிதான் அந்த இசையின் உயிர் என்று அரசியே ஒரு காலத்தில் பேசித் திரிந்திருக்கிறாள். முகவாதம் வந்தபின் இரண்டுக்கும் நடுவில் ஒரு பகுதியைச் செருகினாள். ஜெசிந்தா வாயை எடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கலாம், உதட்டைத் துடைத்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் அவள் முன்பு ஊதியதையெல்லாம் கணினியே கலந்து ஸ்பீக்கர்களில் ஓட்டிக்கொண்டிருக்கும். அழகாகத்தான் எழுதியிருந்தாள், குறை சொல்ல முடியாது. ஜெசிந்தா தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "இது எதுக்குட்டி?" "ஒரு இடைவெளி தேவைப்பட்டுச்சு ஜெசி." "பாட்டுக்கா, எனக்கா?" "பாட்டுக்குத்தான்." ஜெசிந்தா தாளை மடித்து வைத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கே ஒரு கட்டளை போட்டுவிட்டாள். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் கணினியைத் தள்ளுவதற்கு மேடையில் ஒரு பெடல் உண்டு, காலால் மிதிக்க வேண்டும். அந்தப் பெடல் பழுதானால் உதவட்டும் என்று அரசியின் கணினியிலும் ஒரு விசை உண்டு. "பெடலு எங்காலுக்கு. எப்ப போகணும்னு நாந்தான் முடிவு பண்ணுவேன். நீ சத்தத்தை மட்டும் பாரு, விசையில கை வைக்கப்படாது" என்றாள். சரி என்றாள் அரசி. இந்தத் தொழிலில் அதுதான் முறையும்கூட. வாசிக்கிறவளின் நேரத்தில் மேசைக்காரி தலையிடுவதென்பது, சமைக்கிறவளின் அடுப்பை விருந்தாளி வந்து குறைப்பதற்குச் சமம். கணினி பின்னால் போகாது என்பது இன்னொரு சங்கதி. எட்டிலிருந்து ஏழுக்குத் திரும்ப முடியாது. முன்னே மட்டும்தான். அதை அப்படிச் செய்துவைத்தவளும் அரசிதான், காலம் பின்னால் போகுமா என்று பெரிய தத்துவம் பேசிக்கொண்டு. இப்போது நினைத்தால் அந்தத் தத்துவத்தைத் தூக்கி உடைப்பில் போடலாம் என்று இருக்கிறது.

ஏழு தொடங்கிவிட்டது. ஜெசிந்தாவின் கால் மிதித்ததையும் திரையில் ஆறு ஏழாக மாறியதையும் அரசி ஒரே சமயத்தில் பார்த்தாள். நல்லது, வயர் வேலை செய்கிறது. மத்தியானம் ஒத்திகையில் இந்த பெடலின் வயர் ஒரு தரம் கழன்று, அவள் மிதிக்க மிதிக்கக் கணினி கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. கறுப்பு டேப்பைச் சுற்றி ஒட்டியிருந்தாள் அரசி. டேப் எத்தனை நேரம் பிடிக்கும், ஏ.சி. குளிரில் டேப் விறைக்குமா, விறைத்தால் விடுமா, இதெல்லாம் யாராவது ஆராய்ந்திருப்பார்களா. பக்கத்து நாற்காலியில் ஜெசிந்தாவின் கணவர் லியோன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வங்கி மேலாளர், இந்த மாதிரி இசை அவருக்கு உவப்பில்லை என்பதை அவர் மறைத்ததும் இல்லை, மனைவி வாசிக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் வராமல் இருந்ததும் இல்லை. சட்டைப்பையில் மடித்த கைக்குட்டை வைத்திருந்தார், அது யாருக்காக என்று அரசிக்குத் தெரியும். மேடையில் சுரம் ஏறியது. சுற்றிலும் ஸ்பீக்கர்களிலிருந்து ஜெசிந்தாவின் பழைய தாழ்ந்த சுரங்கள் எல்லாம் திரண்டு முனக, அவற்றின் மேல் அவள் தனியாகப் போனாள், ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல், உச்சியில் போய் நின்றாள். நின்றாள். சந்தன நிறச் சட்டைக்காரர் நெளிவதை நிறுத்தியிருந்தார். என்ன ஒரு நேர்மையான சத்தம் இது, அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை, இந்தா இதுதான் நான் என்று நிற்கிறது. உதட்டோரம் இன்னும் காய்ந்துதான் இருந்தது. போதும் ஜெசி, மிதி. ஒத்திகையில் இவ்வளவு நேரம் நின்றதில்லையே. மிதி, எட்டு வரட்டும், வாயை எடு. அவள் மிதிக்கவில்லை. கழுத்து நரம்பு தெரிந்தது. கால் லேசாக அசைந்தது போல இருந்தது. அசைந்ததா, மிதித்துவிட்டாளா, மிதித்தும் வேலை செய்யவில்லையா, டேப் விட்டுவிட்டதா? திரையில் ஏழு ஏழாகவே இருந்தது. அங்கே ஒருத்தி மூச்சு தீர நிற்கிறாள், பெடல் செத்துப்போய்விட்டது, இதற்குத்தானே இங்கே விசை என்று ஒன்று வைத்திருக்கிறது. உதட்டோரத்தில் ஒரு மினுக்கம். ஈரமா, விளக்கா? அரசி விசையை அழுத்தினாள். அதே கணத்தில் ஜெசிந்தாவின் கால் பெடலில் இறங்கியது. அவள் சும்மா நின்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான். நன்றாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் நின்றாள். திரையில் எட்டு வந்தது, இரண்டாவது தள்ளலில் வந்த வேகத்திலேயே ஒன்பது ஆனது.

அடிப்பாவி. அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய். அரசியின் விரல் விசைமேலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. எட்டு போய்விட்டது, அவள் உதட்டுக்கென்று எழுதிய ஓய்வு மொத்தமும் ஒரு கண்ணிமைப்பில் காலி, இனி அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. ஒன்பதுக்குரிய சத்தங்கள் ஸ்பீக்கர்களில் வந்துவிட்டன: மெல்லிய, அசையாத சுரங்கள், வயலின் தந்தியைத் தூரத்தில் யாரோ தொட்டுவிட்டுக் கை எடுக்காமல் வைத்திருப்பது போல. இவற்றின் பக்கத்தில் ஜெசிந்தா ஊத வேண்டும், இப்போதே, இருப்பதிலேயே மெதுவாகவும் இருப்பதிலேயே உயரமாகவும். ஓங்கி ஊதுவது சுலபம். மெதுவாக ஊதத்தான் உதடு வேண்டும். தண்ணீர் பாட்டிலை எடுக்க ஜெசிந்தாவின் இடது கை பாதி வரைக்கும் இறங்கியிருந்தது. அது அப்படியே நின்றது. அவள் தலையைத் தூக்கி ஸ்பீக்கர்களைக் கேட்டாள். பிறகு நேராக மேசையைப் பார்த்தாள், கூடத்தின் இருட்டுக்குள், அரசி இருக்கிற இடத்தை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. தெரிந்துவிட்டது அவளுக்கு, வேறு யாரும் காரணமாக இருக்க முடியாது என்று. கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லேன் ஜெசி, மன்னித்துக்கொள்ளுங்கள், கணினியில் கோளாறு என்று நான் எழுந்து சொல்லிவிடுகிறேன், பழி என் மேல் வரட்டும், முதலிலிருந்து வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். லியோன் அவள் பக்கம் சாய்ந்தார். "என்னங்க, அவ வாய எடுக்குற இடம் வரலியே?" அரசி திரையில் நின்ற ஒன்பதையே பார்த்தாள். "மாறிப்போச்சா?" என்று மறுபடி கேட்டார். "நான்தான்" என்றாள் அரசி, "நான் அழுத்திட்டேன்." லியோன் மேடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஜெசிந்தா பாட்டிலுக்குப் போன கையைத் திரும்பக் குழலுக்குக் கொண்டுவந்தாள். மூச்சை இழுத்தாள். அடிவயிறு வரை போகிற அதே மூச்சுதான்.

சத்தம் எப்போது வந்தது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. கிளாரினெட்டுக்கு மட்டும் வாய்த்த வித்தை அது. ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கும், கதவு திறந்த ஓசையே கேட்காது, ஆள் உள்ளே நிற்பது மட்டும் தெரியும். ஸ்பீக்கர் சுரத்துக்குப் பக்கத்தில் அவள் சுரம் வந்து நின்றது. ஒன்று. தாங்கியது. இரண்டாவது. தாங்கியது, ஆனால் முடியும்போது ஒரு நடுக்கம். மூன்றாவதில் அரசி பார்த்துவிட்டாள், அந்தக் கடுகளவு இடத்தில் ஈரம் மினுங்குவதை. ஸ்ஸ் என்று வந்தது. மைக் சும்மா இருக்குமா, பிடித்துக் கொடுத்தது; கணினியும் விசுவாசமாக அதை நீட்டிக் கூடம் முழுக்கப் பரப்பியது. இப்போது எல்லாருக்கும் தெரியும். முகவாயில் எச்சில் வழிவதை முன் வரிசை பார்த்துக்கொண்டிருக்கிறது. மைக்கைக் குறைக்கலாம், ஒரு விரல் போதும், பலகையில் கொஞ்சம் கீழே இழுத்தால் கசிவு கேட்காது. சினிமாவில் இதைத்தானே இத்தனை வருஷம் செய்தாய், கேட்கக் கூடாததைக் கேட்காமல் ஆக்குவது. விரல் போனது. போய் நின்றது. இன்னொரு தரம் அவள் விஷயத்தில் மூக்கை நுழைக்கப்போகிறாயா? ஒரு தரம் நுழைத்ததற்கே அவள் அங்கே வழிந்துகொண்டு நிற்கிறாள். சுரம் அறுந்தது. கூடத்தில் ஸ்பீக்கர் சத்தம் மட்டும் இருந்தது. ஜெசிந்தா புறங்கையால் முகவாயைத் துடைத்தாள், யாரும் இல்லாத வீட்டில் துடைப்பது போல, கூச்சமே இல்லாமல். துடைத்துவிட்டுக் குழலைத் தூக்கினாள். தூக்கியவள் அதை வாயின் நடுவில் வைக்கவில்லை. இடது பக்கமாகக் கொண்டுபோனாள், இடது ஓரத்துக்கே, கரும்பு கடிக்கப்போகிறவள் மாதிரி, தலையைச் சாய்த்து, வலது பாதியை அப்படியே சும்மா விட்டுவிட்டு, நன்றாக இருக்கிற பாதியால் மட்டும் கவ்வினாள். எந்த வாத்தியாரும் இதை அனுமதிக்க மாட்டார். பார்க்கக் கோணலாக இருந்தது. "வீட்ல இப்பிடித்தான் வாசிப்பா" என்றார் லியோன் மெல்ல, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "களைச்சுப்போனா இந்தப் பக்கம் மாத்திக்குவா. ஒங்களுக்குத் தெரியப்படாதுன்னு சொல்லிட்டா." "ஏன்?" "தெரிஞ்சா நீங்க இன்னும் லேசாக்கி எழுதிக் குடுத்துருவீங்களாம்."

அரசிக்கு முகம் சுட்டது. வெட்கமா, கோபமா, இரண்டும்தான். அந்தப் பக்கம் சத்தம் வந்துகொண்டிருந்தது. இது வேறு சத்தம். பாதி உதட்டில் பிறந்ததால் சுரம் ஒரு நூலளவு தாழ்ந்திருந்தது. ஸ்பீக்கரின் சுரத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் உரசியதில் காற்றிலேயே ஒரு துடிப்பு எழுந்தது, உம், உம், உம் என்று, நாடி துடிக்கிற வேகத்தில். இந்தத் துடிப்பைத்தான் அரசி தாளில் எழுதியிருந்தாள். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் ஜெசிந்தா அதைத் துல்லியமாகக் கொண்டுவந்தாள், துல்லியமாக மட்டும். நோய்க்குப் பின் நடு உதட்டில் அது வரவே இல்லை, வேண்டாம் விடு என்று அரசி அந்த இடங்களைத் தாளில் கோடு போட்டு அடித்துவிட்டாள். அடித்த இடங்களிலெல்லாம் இப்போது அது இருந்தது. அடித்ததை மறந்து வாசிக்கிறாளா, வேண்டுமென்றே வாசிக்கிறாளா, அவளைக் கேட்டால் சொல்வாள். சாய்ந்த தலை, வழியும் முகவாய், அசையாத வலது கன்னம், ஏறி இறங்கும் வயிறு, அரசி இன்னும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் கடுகளவு இடத்தைத் தேடித் தேடி. அதற்கு இனி வேலையே இல்லை என்பது கண்ணுக்குப் புரியவில்லை. இந்த நாலு மாதமும் நான் என்னதான் செய்தேன், ஒத்திகை ஒத்திகையாக எதிரே உட்கார்ந்து ஒரு உதட்டுக்குக் காவல் இருந்தேன். அரசி இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். மூடியதும் கூடம் பெரிதானது. சுரம் அவள் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது, முன்னாலிருந்தும் வந்தது, துடிப்பு மெதுவாகி மெதுவாகிப் பெரிய அலையாக எழுந்து தரையையும் நாற்காலிக் காலையும் தொட்டது. நான் எழுதியதைவிட இது நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. பொறாமை வரவேண்டிய இடம். வரவில்லை. ஜெசி, ஜெசி, எவ்வளவு பெரிய ஆள் நீ, உன்னைப் போய் நான் தாங்கிப் பிடிக்கப் பார்த்தேனே. அதற்குப் பிறகு அந்த நினைப்பும் நின்றுபோனது. ஒரு சுரம் ஒன்றுமில்லாமல் ஆவதை அதன் கடைசி வரைக்கும் பின்தொடர்ந்து போனாள், அது முடிந்த இடத்தில் அடுத்தது ஏற்கெனவே இருந்தது. பெடல் மிதிபடும் சின்ன ஓசை கேட்டது. பத்து. ஸ்பீக்கர்கள் எல்லாம் அடங்கின, மேடையில் குழல் மட்டும் தனியாக, நாலைந்து சுரங்கள், வெறும் மூச்சு, அப்புறம் அதுவும் இல்லை. வெளியே சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அதற்குப் பின்தான் யாரோ கை தட்டினார்கள், சந்தன நிறச் சட்டைக்காரராக இருக்கலாம், பிறகு எல்லாரும்.

கண்ணைத் திறந்தபோது ஜெசிந்தா குனிந்து வணங்கிக்கொண்டிருந்தாள். பிறகு மேடையிலேயே நிற்காமல், குழலை ஒரு கையில் பிடித்தபடி படியிறங்கி நாற்காலிகளுக்கு நடுவில் புகுந்து நேராக மேசைக்கு வந்தாள். கைதட்டல் அவள் பின்னாலேயே வந்தது. லியோன் கைக்குட்டையை நீட்டினார், வாங்கிக்கொண்டாள், துடைக்கவில்லை. இயற்றியவரைப் பாராட்ட வருகிறாள் என்று நினைத்து ஆட்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அரசி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான்தான் ஜெசி அழுத்தினேன்." "தெரியும்." "பெடல் போயிருச்சுன்னு நெனச்சேன். நீ நின்னுக்கிட்டே இருந்த, எனக்குப் பயமாயிருச்சு." "எனக்கும்தான் பயம். அதுக்காக நின்னு வாசிக்காம போயிட்டனா?" ஜெசிந்தாவின் வலது கன்னம் களைத்துத் தொங்கியது, இடது பாதி மட்டும் பேசியது, கண்கள் இரண்டும் அரசியை விடவில்லை. அரசி எதையோ சொல்லத் தொடங்கினாள், மன்னிப்பாக இருக்கும், அது வெளியே வருவதற்குள் ஜெசிந்தா கையமர்த்தி நிறுத்தினாள். இன்னும் கிட்டே வந்தாள். "நீ நாலு மாசமா என் வாயத்தான பாத்துக்கிட்டு இருக்க. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? ஒன் கண்ணுக்குப் பயந்துதான் நடு ஒதட்டுலயே வச்சு மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். ஒண்ணே ஒண்ணு கேக்கேன், உண்மையச் சொல்லு. இன்னைக்கு நான் வாசிச்சதுல ஒரு சொரமாவது கேட்டியாட்டி?"

கைதட்டல் ஓய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டு பெண்களும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று புன்னகையோடு பார்த்தார்கள்.

"முதல்ல எதையும் கேக்கல" என்றாள் அரசி. "நீ இடது பக்கம் மாத்தினதுக்கு அப்புறம் கண்ண மூடிட்டேன், அதுலருந்து எல்லாம் கேட்டேன்."